எழுதிக் கொடுப்பது யார்?



பெண்ணாடம் கடைவீதி. பொழுது சாயும் நேரம். தேநீர்க் கடைப் பெஞ்சிலே நாளேடு ஒன்று நாலாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருந்தது. ஒருவர் உரக்கப் படித்தார். மற்றவர்கள் செவி கொடுத்தார்கள். சட்டமன்றச் செய்தி வந்தது. உறுப்பினர் கேட்டார், அமைச்சர் பதிலளித்தார், அவையில் சிரிப்பு, அவையில் கூச்சல், அவைத் தலைவர் மணி அடித்தார் என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கரும்புக் காட்டிலேயே காலம் கழித்தவர், தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏன் தம்பி, நீதான் மேடை மேடையா ஏறிப் பேசுற ஆளு. ஒன்னு கேக்கறேன், சொல்லு. நம்ம ஆளு கோட்டையிலே எழுந்து நின்னு பேசுறாரே, அவருக்கு அதை எழுதிக் கொடுக்கிறது யாரு?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, பதில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. ஊர் ஊராகப் பேசித் தொண்டை கட்டிய எனக்கு, அந்த ஒற்றைக் கேள்விக்கு விடை தெரியவில்லை.

வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அல்ல தோழர்களே அது. குடியாட்சியின் அடிமடியிலே கை வைத்த கேள்வி! வாக்கு நாம் போடுகிறோம். வெற்றி ஊர்வலம் நாம் போகிறோம். மாலையை நாம் போடுகிறோம். ஆனால் மாலை வாங்கிய கழுத்துக்கு மேலே இருக்கிற தலைக்குள்ளே செய்தியைப் போடுவது யார்? அதைக் கேட்டோமா நாம்?

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்.

கரும்புப் பணம் நிலுவையில் கிடந்த ஓர் ஆண்டு. வெட்டு உத்தரவு வந்தது, கரும்பு போயிற்று, எடைச் சீட்டு கைக்கு வந்தது, பணம்தான் வரவில்லை. கூட்டம் போட்டோம். நான் பேசினேன். “உழைத்தவன் வயிறு காய்கிறது, உழைக்காதவன் பை நிறைகிறது” என்று ஆரம்பித்து அரைமணி நேரம் முழங்கினேன். கைதட்டல் அடங்கிய பிறகு, கூட்டத்தின் கடைசியிலிருந்து ஓர் இளைஞன் கேட்டான்: “அண்ணே, பணத்தை எத்தனை நாளைக்குள்ளே தரணும்னு சட்டம் ஏதாவது இருக்கா?”

இருக்கிறது என்றேன். எந்தச் சட்டம் என்றான். ஒலிபெருக்கிக்கு முன்னே நின்ற எனக்கு உலர்ந்துவிட்டது நாக்கு.

மறுநாள் விருத்தாசலம் போனேன். வழக்கறிஞர் நண்பர் ஒருவர் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. கரும்பை ஒப்படைத்த 14 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால், தாமதமான காலத்துக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர்த்துத் தரவேண்டும். அச்சிலே இருக்கிறது, ஆட்சியின் முத்திரையோடு இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படிக்குமுன் நான் கேட்டது பிச்சை. படித்த பின் கேட்டது உரிமை.

இதே கணக்கைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். உறுப்பினர் எழுந்து, “எங்கள் பகுதி உழவர்களுக்குப் பணம் பாக்கி இருக்கிறது, அமைச்சர் கருணை கூர்ந்து ஆவன செய்வாரா?” என்று கேட்கிறார். “அரசின் பரிசீலனையில் இருக்கிறது” என்று பதில் வருகிறது. கேள்வி செத்தது, பதில் அதற்கு மலர்வளையம்! அதே உறுப்பினர், “1966ஆம் ஆண்டு ஆணைப்படி 14 நாள் கடந்த நிலுவைக்கு 15 விழுக்காடு வட்டி சேர வேண்டுமே, சென்ற பருவத்தில் எத்தனை உழவர்களுக்கு அந்த வட்டி கொடுக்கப்பட்டது?” என்று கேட்டால்? இப்போது பரிசீலனை என்ற போர்வைக்குள் பதுங்க முடியாது. எண்ணைச் சொல்ல வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று சொல்ல வேண்டும். கேட்டவர் ஒருவர்தான், ஊர் ஒன்றுதான், வேதனை ஒன்றுதான். வேறுபாடு, கையிலிருந்த ஒரு பக்கம்!

அந்த ஒரு பக்கம் வழக்கறிஞர் வீட்டு அலமாரியில் இருந்தது. சட்டம் செய்கிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் அது இருக்க வேண்டாமா? அதற்கென்று ஏற்பட்ட இடம்தான் சட்டமன்ற நூலகம்.

நூலகமா? ஓய்வு நேரத்தில் கதைப் புத்தகம் புரட்டுகிற இடம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். போர் வீரனுக்குப் படைக்கொட்டில் எப்படியோ, மக்கள் பிரதிநிதிக்கு நூலகம் அப்படி.

கேள்வி கேட்கும் உரிமையே நமக்கு எளிதாக வந்துவிடவில்லை. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் அமைந்த சபையிலே, ஆளுநர் பார்த்து நியமித்தவர்கள் அமர்ந்தார்கள். கேள்வி கேட்க அவர்களுக்கு வாயில்லை. 1892இல்தான் முன்னறிவிப்போடு கேள்வி கேட்கவும், வரவு செலவைப் பற்றிப் பேசவும் வழி பிறந்தது. கிடைத்த பதிலை மடக்கித் துணைக் கேள்வி போடும் உரிமை 1909இல் வந்தது. ஒரு கேள்விக்கும் அதன் துணைக் கேள்விக்கும் நடுவே 17 ஆண்டு இடைவெளி!

1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேர்தல் நடந்து, 1921 ஜனவரி 12ஆம் நாள் சென்னைச் சட்ட சபையை கன்னாட் கோமகன் திறந்து வைத்தார். அதற்குச் சில வாரம் முன்பு, 1920 டிசம்பரில் முதல் அமைச்சராகப் பொறுப்பேற்றவர் நம் தென்னார்க்காட்டு மண்ணின் மைந்தர், நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியார். நிலக்கிழார், சட்டம் படித்தவர்.

அந்தக் காலத்து உறுப்பினர்கள் யார்? வக்கீல், ஜமீன், மிராசு, வணிகக் கோமான். வாக்குப் போட்டவர்கள் யார்? வரி கட்டுகிறவர், சொத்து உள்ளவர். அந்த உறுப்பினருக்குச் சட்டம் தெரியவேண்டும் என்றால் வீட்டு மாடியிலே புத்தக அறை இருந்தது. கணக்குப் பார்க்கக் குமாஸ்தா இருந்தார். ஆங்கிலம் அவர் நாவிலே ஆடியது. சபைக்கு ஒரு நூலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் பாடு நடந்துவிடும்.

1952 வந்தது. நாடாள ஆளனுப்பும் தேர்தலிலே வயது வந்த எல்லோருக்கும் வாக்கு! சொத்து வேண்டாம், பட்டா வேண்டாம், பட்டம் வேண்டாம். சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது நிறைந்த குடிமகனாக இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டம். கல்வித் தகுதி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அதன் பெருமை. உழவன் வந்தான், நெசவாளி வந்தான், ஆலைத் தொழிலாளி வந்தான், சேரியிலே பிறந்தவன் வந்தான். நேற்று வரை கோட்டை மதிலை வெளியே நின்று பார்த்தவன் உள்ளே போய் உட்கார்ந்தான்.

அவன் வீட்டிலே புத்தக அறை ஏது? மழைக்கு ஒழுகாத மூலையே ஏது?

இங்கேதான் தோழர்களே, விஷயத்தின் உயிர் இருக்கிறது. செல்வன் சபைக்குப் போகும்போது அவன் நூலகமும் கூடவே போகிறது. ஏழை போகும்போது, நாடுதான் அவனுக்கு நூலகம் வைத்துத் தரவேண்டும். இல்லையென்றால் வாக்குச் சமத்துவம் வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே, பழைய மேல்வகுப்பே பேசும். புதியவன் கைதூக்கும் பொம்மையாவான்.

நூலகம் இல்லாத உறுப்பினருக்குச் செய்தி தருவது யார்? இருவர் காத்திருக்கிறார்கள்.

முதலாமவர் அதிகாரி. கோப்பு அவரிடம், கணக்கு அவரிடம். யாருடைய வேலையை உறுப்பினர் ஆராய வேண்டுமோ, அவரிடமே போய், “ஐயா, உங்கள் துறையில் என்ன குறை என்று கொஞ்சம் எழுதிக் கொடுங்கள்” என்று கேட்பதா? சோறு வெந்ததா என்று சோற்றையே கேட்ட கதைதான்! நல்ல அதிகாரிகள் ஆயிரம் பேர் உண்டு. ஆனாலும் தன் குற்றத்தைத் தானே எழுதிக் கொடுக்க எந்த மனிதனுக்கும் கை வராது.

இரண்டாமவர் பணக்காரரின் ஆள். கும்பிட்டுக்கொண்டு வருவார். கையிலே அழகாகத் தட்டச்சு செய்த தாள். “உங்களுக்கு ஏன் சிரமம்? புள்ளிவிவரம் எல்லாம் இதிலே இருக்கிறது; படித்தால் போதும்” என்பார். தாளிலே இருப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். தாளிலே இல்லாதது எது என்பதுதான் கேள்வி. உழவனுக்குச் சேரவேண்டிய 15 விழுக்காடு வட்டி அந்தத் தாளிலே இருக்குமா? சத்தியமாக இருக்காது!

இந்த ஆபத்து நம் நாட்டுக்கு மட்டும் உரியது அல்ல. அமெரிக்காவிலே விஸ்கான்சின் என்று ஒரு மாநிலம். அங்கே இரயில் கம்பெனிகளும் மரவணிகச் செல்வர்களும் சட்டமன்றத்தைச் சுற்றி வட்டமிட்ட காலம். மசோதாவையே எழுதி நீட்ட ஆள் வைத்திருந்தார்கள். 1901ஆம் ஆண்டு, தலைநகரான மாடிசனில் சார்லஸ் மக்கார்த்தி என்பவர் பொறுப்பில் சட்டமன்றத்துக்கென ஒரு தகவல் நூலகம் தோன்றிற்று. அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளை அவர். அலமாரி நிறையத் தோல் அட்டைப் புத்தகம் அடுக்குவது அவர் நோக்கமல்ல. பிற மாநிலங்களின் சட்டம், பிற நாடுகளின் அனுபவம், நாளேட்டுத் துணுக்கு, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் பொருள் வாரியாகத் திரட்டி வைத்தார். எந்தக் கட்சி உறுப்பினர் வந்தாலும் கேட்டதைக் கொடுத்தார். மசோதாவுக்கு ஒழுங்கான சட்ட வடிவம் தரவும் உதவினார்.

விளைவு என்ன தெரியுமா? 1911இல் அந்த மாநிலம் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செய்தது. இயந்திரத்தில் கை போன தொழிலாளி, முதலாளியின் குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தால்தான் காசு என்றிருந்த நிலை மாறிற்று. அமெரிக்காவில் முதலில் நிலைத்து நின்ற அத்தகைய சட்டங்களில் ஒன்று அது. தொழிலாளித் தோழனே, உன் கைக்கும் அந்த நூலக அலமாரிக்கும் உள்ள உறவைப் பார்த்தாயா?

விஸ்கான்சினில் பற்றிய விளக்கு வாஷிங்டனுக்கும் போயிற்று. 1914இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகத்துக்குள் சட்டத் தகவல் பிரிவு ஏற்பட்டது. 1970இல் அது விரிந்து, காங்கிரஸ் ஆய்வுப் பணித்துறை ஆயிற்று. அந்தக் காங்கிரஸ் நூலகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1800இல் பிறந்தது. 1814இல் ஆங்கிலேயப் படை வாஷிங்டனுக்குள் புகுந்து சபை மாளிகைக்குத் தீ வைத்தபோது நூல்களும் சாம்பலாயின. முன்னாள் குடியரசுத் தலைவர் ஜெபர்சன், தம் சொந்த நூல்கள் 6,487ஐ நாட்டுக்குக் கொடுக்க முன்வந்தார். 1815இல் 23,950 டாலருக்கு நாடு அவற்றை வாங்கிற்று. “இவ்வளவு துறை நூல் சட்டசபைக்கு எதற்கு?” என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். மக்கள் சபை உறுப்பினருக்குத் தேவைப்படாத துறை என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது ஜெபர்சன் கருத்து. எரித்தவன் கை ஓய்ந்தது. ஏடு மீண்டும் எழுந்தது. 1981இல் யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்ததைக் கண்டு குமுறிய தமிழனுக்கு, ஏட்டை எரிக்கிறவன் எதற்கு அஞ்சுகிறான் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஜப்பானைப் பாருங்கள். போரிலே தோற்று, ஊர்கள் கருகி, உண்ண உணவுக்குத் தவித்த நேரம். 1948இல் அந்த நாடு தன் நாடாளுமன்றத்துக்கென ஒரு தேசிய நூலகத்தை அமைத்தது. உண்மைதான் நம்மை விடுவிக்கும் என்ற பொருளுள்ள வாசகம் அதன் அடிப்படை. பொய்ச் செய்தியை நம்பிப் போருக்குப் போன நாடு, இனி உண்மை தெரிந்த பிறகே முடிவு செய்வது என்று உறுதி பூண்டது.

நம் டில்லியிலும் 1921 முதல் மத்திய சட்டசபைக்கு நூலகம் இருந்தது. விடுதலைக்குப் பின் அது நாடாளுமன்ற நூலகமாக வளர்ந்தது. 2002ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் அதற்கென எழுந்த தனி மாளிகையைத் திறந்து வைத்தார். குறிப்பெடுத்துத் தருவது, ஆராய்ச்சிச் சுருக்கம் தயாரிப்பது, நாளேட்டுச் செய்திகளைத் தொகுப்பது என்று அங்கே தனித்தனிப் பிரிவுகள் வேலை செய்கின்றன.

டில்லி என்றதும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. 1963. மாநிலங்களவை. சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரிப் பொதுவுடைமைக் கட்சியின் பூபேஷ் குப்தா மசோதா கொண்டு வந்தார். அதை ஆதரித்து எழுந்தார் அண்ணா. அப்படி ஒரு பெயர் பழைய ஏடுகளில் ஏது என்று ஐயம் கிளப்பியவர்களுக்கு அவர் கோபத்தைப் பதிலாகத் தரவில்லை. பரிபாடலைக் காட்டினார், பதிற்றுப்பத்தைக் காட்டினார், சிலப்பதிகாரத்தைக் காட்டினார். ஏடு சாட்சிக் கூண்டில் ஏறி நின்றது! மசோதா அன்று தோற்றது. ஆனால் ஆதாரம் தோற்கவில்லை. 1967 ஜூலை 18இல் நம் சட்டமன்றம் தீர்மானம் செய்தது. 1969 ஜனவரி 14இல் பெயர் நிலைத்தது.

கன்னிமாரா நூலகத்தில் மணிக்கணக்கில் அமர்ந்து படித்தவர் அண்ணா என்பது இயக்கத்தார் அனைவரும் அறிந்தது. அவருக்கு அது பழக்கம். எல்லோருக்கும் அது வாய்க்குமா? காலையில் தொகுதி மக்களின் மனு, நண்பகலில் திருமணம், மாலையில் துக்க வீடு, இரவில் பொதுக்கூட்டம் என்று ஓடுகிற உறுப்பினர், மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மானியக் கோரிக்கை மீது பேசவேண்டும். நூறு பக்கக் கொள்கை விளக்கக் குறிப்பு மேசை மேலே! தணிக்கை அறிக்கை பக்கத்திலே! அவருக்கு வேண்டியது ஆயிரம் புத்தகம் அல்ல. ஆயிரம் புத்தகத்திலிருந்து எடுத்த நாலு பக்கம்.

இதை உலகத்துக்கே உணர்த்தியவர் நமக்கு அண்டை ஊர்க்காரர். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. 1892இல் அங்கே பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து 1931இல் நூலக இயலுக்கு ஐந்து விதிகள் வகுத்தார். படிப்பவனின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவற்றில் நான்காவது விதியின் கருத்து. சட்டமன்ற உறுப்பினருக்கு இதைவிடப் பொருந்தும் விதி உண்டோ? அவர் முயற்சியின் பயனாகத்தான் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவின் மாநிலங்களில் அதுதான் முதல். சொத்து வரியோடு நூலக வரியும் நீங்கள் கட்டுகிறீர்களே, அது அந்தச் சட்டத்தின் பிள்ளை.

சட்டமன்ற நூலகர் எப்படி உதவுகிறார்? ஓர் எடுத்துக்காட்டு போதும். வெள்ளாற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை வேண்டும் என்று உறுப்பினர் கேட்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூலகரிடம் சொல்கிறார். நூலகர் நடவடிக்கைக் குறிப்புகளின் பொருளடைவைப் பார்க்கிறார். இதே கோரிக்கை முன்பு எந்த ஆண்டு எழுந்தது, எந்த அமைச்சர் என்ன வாக்குக் கொடுத்தார் என்று பக்கத்தை எடுத்துத் தருகிறார். வரவு செலவு ஏட்டிலே அந்தத் தலைப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், தணிக்கை அறிக்கையிலே அதைப் பற்றி ஏதாவது குறை சொல்லியிருக்கிறார்களா, பக்கத்து மாநிலத்தில் இதற்கு என்ன முறை என்று தேடித் தருகிறார். மறுநாள் உறுப்பினர் எழுந்து, “இந்த அவையில், இன்ன நாளில், இன்ன பக்கத்தில் தந்த உறுதிமொழி என்ன ஆயிற்று?” என்று கேட்கிறார். உறுதிமொழிகளைத் துரத்திப் பிடிக்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. செலவான காசை எண்ணிப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு இருக்கிறது. குழுவின் பற்கள் கூர்மையாவது நூலகத்து ஏட்டிலேதான்.

நூலகர் இதிலே ஒரு பக்கம் சாய்வதில்லை. ஆளும் கட்சிக்கு ஒரு தட்டு, எதிர்க்கட்சிக்கு ஒரு தட்டு என்று வைப்பதில்லை. என்ன பேசு என்று சொல்வதில்லை. யார் எதைக் கேட்டார் என்று வெளியே சொல்வதுமில்லை. நல்ல சட்டமன்ற நூலகத்தின் நெறி அது. இன்று ஆளுகிறவர் நாளை எதிர்வரிசைக்குப் போகலாம். எதிர்வரிசையில் இருப்பவர் நாளை அமைச்சராகலாம். 1957இல் 15 பேராகச் சபைக்குள் நுழைந்த இயக்கம் 1967இல் ஆட்சிக்கு வந்ததே! ஆகவே எதிர்க்கட்சிக்கு ஏட்டை மறைப்பவன், தன் நாளைய தினத்துக்குத் தானே குழி பறிக்கிறான்.

“இந்தக் காலத்திலே நூலகம் எதற்கு? கைப்பேசியைத் தட்டினால் எல்லாம் கொட்டுகிறதே!” என்பார்கள். கொட்டுகிறது, உண்மை. நெல்லும் கொட்டுகிறது, பதரும் கொட்டுகிறது. புடைத்துத் தர முறம் வேண்டாமா? பிழையான ஓர் எண்ணைச் சபையிலே சொல்லிவிட்டால், அமைச்சர் அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மீதி ஒன்பது உண்மைகளையும் குப்பையிலே தள்ளிவிடுவார். எண் சரியா, ஆண்டு சரியா, திருத்தம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்த்துத் தருவதற்குப் படித்த ஆள் வேண்டும். அவர்தான் நூலகர்.

நம் சட்டமன்றம் இடம் மாறி இடம் மாறி நடந்த சபை. 1937இல் பல்கலைக்கழக செனட் மண்டபத்தில் கூடிற்று. 1952 முதல் அரசினர் தோட்டத்துப் புதுக் கட்டடத்தில் கூடிற்று. 1957இல் கோட்டைக்குத் திரும்பிற்று. 1959 ஏப்ரலில் உதகமண்டலத்துக்குக் கூடச் சென்றது. 2010இல் ஓமந்தூரார் வளாகத்துக்குப் போய், 2011இல் மீண்டும் கோட்டைக்கு வந்தது. கொரோனாக் காலத்தில் கலைவாணர் அரங்கில் நடந்தது. நாற்காலியை எங்கே போட்டாலும் சபை நடக்கும். ஆனால் ஏடு இல்லாத இடத்தில் நடப்பது சபை அல்ல, சந்தை.

இங்கேயும் நூலகம் உண்டு. அதைக் கவனிக்க உறுப்பினர்களின் நூலகக் குழு உண்டு. பழைய நடவடிக்கைக் குறிப்புகள் கணினியில் ஏறி வருகின்றன. நல்லது, வரவேற்போம். வரவேற்பதோடு நின்றுவிடாமல், கேட்கவும் செய்வோம்.

முதல் கோரிக்கை: சட்டம் தமிழில் வேண்டும். தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் 1956இலேயே வந்தது. ஆனால் விதியும் ஆணையும் தீர்ப்பும் இன்னும் பெரும்பாலும் ஆங்கிலத்திலே அடைபட்டுக் கிடக்கின்றன. பள்ளிப் படிப்போடு நின்ற உறுப்பினருக்கு, தெளிந்த தமிழிலே இரண்டு பக்கச் சுருக்கம் கையில் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது: அலமாரிக்குப் பூட்டு போதாது, ஆராய்ந்து எழுதும் ஆட்கள் வேண்டும். பொருளாதாரம் தெரிந்தவர் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், வேளாண்மை தெரிந்தவர் ஒருவர்.

மூன்றாவது: மசோதாவைப் படிக்க நேரம் வேண்டும். காலையில் கையில் தந்து மாலையில் கைதூக்கச் சொன்னால், உலகத்து நூலகமெல்லாம் திரண்டு வந்தாலும் உதவ முடியாது.

நான்காவது கோரிக்கை உறுப்பினர்களுக்கே. நம் கட்சித் தோழர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உள்ளே போங்கள்! உணவுக் கூடத்துக்குப் போகும் வழி தெரிந்த அளவுக்கு நூலகத்துக்குப் போகும் வழியும் தெரியட்டும். பூட்டிக் கிடக்கும் நூலகத்தைவிடக் கொடுமையானது, திறந்தே கிடந்தும் ஆள் நுழையாத நூலகம்.

கடைசியாக நமக்கு. கோட்டையிலே உள்ள நூலகத்துக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. எந்த ஊர் எடை மேடையில் எடைச் சீட்டு போட்ட நாள் எது, பணம் வந்த நாள் எது என்பது அச்சிட்ட நூலிலே இருக்காது. அது உன்னிடம் இருக்கிறது தோழனே! ஏடு மேலிருந்து வரட்டும்; எடைச் சீட்டு கீழிருந்து போகட்டும். இரண்டும் ஓர் உறுப்பினரின் மேசையிலே சந்திக்கும் நாளில்தான் கேள்விக்கு உயிர் வரும். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகம் வைத்து வளர்ந்த இயக்கத்தாருக்கு இது புதிய வேலையா? 1997இலேயே தகவல் உரிமைக்குச் சட்டம் செய்த மாநிலம் இது. 2005இல் இந்தியாவுக்கே அப்படி ஒரு சட்டம் வந்தது. எழுதிக் கேள், வாங்கி வை, உறுப்பினரிடம் கொடு. கொடுத்துவிட்டு, கேட்டாரா என்று நாளேட்டைப் பார்!

இந்த ஊர் ஏட்டுக்கு அந்நியமான ஊர் அல்ல. பன்னிரண்டே நூற்பாக்களில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பெண்ணாடத்துக்காரர். அவருடைய சமயத்தை நான் பேச வரவில்லை. அவர் பெயரைப் பாருங்கள்: மெய்யைக் கண்டவர். மெய்யைக் கண்ட பிறகு பேசு என்பதைத்தான் நானும் சொல்கிறேன்.

சில வாரம் கழித்து அதே தேநீர்க் கடைக்குப் போனேன். பெரியவர் அதே பெஞ்சிலே இருந்தார்.

“பெரியவரே, அன்னைக்கு ஒன்னு கேட்டீங்களே, எழுதிக் கொடுக்கிறது யாருன்னு. பாதியை நூலகம் எழுதிக் கொடுக்கணும். மீதிப் பாதியை நீங்க எழுதிக் கொடுக்கணும்” என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு இடுப்பு மடியை அவிழ்த்தார். நாலாக மடித்து, வியர்வையில் மங்கிப்போன எடைச் சீட்டு ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“இந்தா தம்பி. என் பாதி.”